எங்கள் தெரு வணிகப் பகுதியாக வேண்டாம்

பெங்களூரில் அல்சூரை ஒட்டிய ஜோகுபாளையத்தில் நாங்கள் மூன்று தலைமுறையாக வசிக்கும் தெருவின் முனையில் உள்ள மூன்று மனைகளைக் குடியிருப்பிலிருந்து வணிகப் பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கான முன்மொழிவு, சென்ற வாரம் ஒரு நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய அறிவிப்பாக வெளிவந்திருக்கிறது. கர்நாடக நகர, ஊரமைப்புத் திட்டமிடல் சட்டம் 1961-இன் 14-ஏ பிரிவின்படி, இத்தகைய மாற்றத்துக்கு முன் குறைந்தது 15 நாள் அவகாசம் தந்து பொதுமக்களின் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். அந்த அவகாசத்தில் பாதி முடிந்துவிட்டது. அறிவிப்பைத் தெருவில் பெரும்பாலோர் பார்க்கவே இல்லை.

நானும் இங்கே சொந்த வீடு உள்ளவன். மாற்றம் வந்தால் என் மனையின் விலையும் ஏறும் என்பதை அறிந்தேதான் இதை எதிர்க்கிறேன்.

மூன்று மனைகள்தானே என்கிறார்கள். பக்கத்து இந்திராநகரைப் பாருங்கள். வீடுகளுக்கென்று அமைந்த லேஅவுட்டில் நூறடிச் சாலையும் பன்னிரண்டாவது மெயினும் உணவகங்களும் மதுக்கூடங்களும் கடைகளுமாக மாறியது ஒரே நாளில் நடந்ததன்று. ஒரு மனைக்குத் தந்த அனுமதியைக் காட்டி அடுத்த மனைக்காரர் கேட்பார். அவரை மறுக்க அதிகாரிகளிடம் நியாயம் இருக்காது. அங்கேயாவது பெயருக்கேற்ற அகலச் சாலை இருக்கிறது. எங்கள் தெருவை நேற்று நானும் எதிர்வீட்டு அண்ணனும் டேப் வைத்து அளந்தோம்: அகலமான இடத்தில் 22 அடி, பிள்ளையார் கோயில் அருகே 18 அடி. 2024 கோடையில் போர்வெல்கள் வற்றியபோது தண்ணீர் டேங்கர் உள்ளே திரும்ப முடியாமல், முனையிலிருந்து குடம் குடமாகச் சுமந்தோம். நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவரும் காவிரி நீர், இருக்கிற வீடுகளுக்கே ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது. இந்தக் குழாயையும் சாக்கடையையும் நம்பித்தான் நான்கு மாடி வணிகக் கட்டடம் எழப் போகிறதா?

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. இந்தத் தெருவில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகைக்கோ லீசுக்கோ குடியிருப்பவர்கள். வாழ்நாள் சேமிப்பைத் திரட்டி லீசுத் தொகை கொடுத்திருக்கும் குடும்பங்கள், வீட்டுக்காரர் கடைக்கு விட முடிவெடுத்த மாதமே அதைத் திரும்பப் பெறுவதற்கும் போராடி, வேறு வீடும் தேட வேண்டியிருக்கும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களின் நடைதூரம், முதியவர்களின் மருத்துவர் எல்லாமே இந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அவர்கள் ஒயிட்ஃபீல்டுக்கு அப்பால் போய் வீடு பார்ப்பதை வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை.

2011 அக்டோபரில் அல்சூருக்கு மெட்ரோ வந்துவிட்டது, அதனால் நிலையத்தைச் சுற்றி வணிகம் பெருகுவதே இயல்பு என்று ஒரு நண்பர் வாதிட்டார். நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் எளியவர்களுக்கு வாடகை வீடு இருப்பதுதான் மெட்ரோவின் பயன் என்பது என் எண்ணம். கடைகளுக்குப் பழைய மெட்ராஸ் சாலையே இருக்கிறது.

ஆட்சேப மனுவில் உங்கள் பெயர், முகவரி, தெருவின் அளந்த அகலம், தண்ணீர் வரும் நாள்கள் ஆகியவற்றை எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்களும் தயங்க வேண்டாம், ஆட்சேபம் தெரிவிக்க வீடு சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் மனு எழுதித் தரப் பக்கத்து வீட்டு ஆசிரியை சம்மதித்திருக்கிறார். ஞாயிறு காலை பத்து மணி முதல் பிள்ளையார் கோயில் வாசலில் இருப்போம். திங்களன்று நேரில் கொடுத்து, ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகை முத்திரை வாங்கி வருவோம்.