வினிகரும் சமையல் சோடாவும் சேர்ந்தால் கறை போகுமா?

"வினிகரில் சமையல் சோடாவைக் கலந்தால் எந்தக் கறையும் போகும்" என்று பரவும் தகவல் தவறு. வினிகர் அமிலம், சோடா காரம்; சேர்ந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கிவிடும். இரண்டின் வேலையும் வீண். 5 சதவீத வினிகர் 100 மில்லியில் ஏறத்தாழ 5 கிராம் அசிட்டிக் அமிலம் இருக்கும். 7 கிராம் சோடா போட்டாலே அது தீர்ந்துவிடும். மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர்தான். பார்ப்பவரை நம்பவைக்கும் அந்த நுரை வெறும் கார்பன் டை ஆக்சைடு, சுமார் 2 லிட்டர். மூடிய பாட்டிலில் கலந்தால் வெடிக்கலாம், தயவுசெய்து செய்யாதீர்கள்.

குழாயில் படிந்த உப்புக்கறைக்கு வினிகரை மட்டும் தடவி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்குக்குச் சோடாவை மட்டும் ஈரத்துணியில் தொட்டுத் தேய்க்கலாம். பிளீச்சிங் பவுடருடன் வினிகர் சேரவே கூடாது: குளோரின் வாயு கிளம்பும்.