வளையலில் வரைந்த வட்டம்

அக்கா மகள் இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கிறாள். அவளும் வகுப்புத் தோழர்களும் சேர்ந்து ஒரு நினைவு மலர் தயாரித்திருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம், 'திரும்பிப் பார்க்கிறோம்' என்று தலைப்பு. "சித்தி, ஒற்றுப் பிழை மட்டும் பார்த்துக் கொடுங்கள், வேறு எதிலும் கை வைக்காதீர்கள்" என்று சொல்லி என் தலையில் கட்டிவிட்டாள். அந்த இரண்டாவது நிபந்தனையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

நாற்பத்திரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பாதியைத் தாண்டியதும், யாருடைய பக்கத்தைப் படிக்கிறேன் என்பதை மேலே இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எல்லாமே 'பொற்காலம்'. எல்லாமே 'கவலையற்ற நாட்கள்'. 'நாம் ஒரு வகுப்பல்ல, ஒரு குடும்பம்' என்ற வாக்கியம் ஏழு பக்கங்களில் வருகிறது. கவலையற்ற நாட்களா? போன மாதம்வரை இதே பெண் தேர்வுக்கு முந்தைய இரவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். யாரோ ஒருத்தி தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று நான்கு நாள் வீட்டில் யாரோடும் பேசாமல் இருந்ததும் இவள்தான். விடைத்தாளின் மையே இன்னும் காயவில்லை, அதற்குள் அந்தக் கவலைகளெல்லாம் எங்கே போயின?

ஒரேயொரு பையன் மட்டும் உருப்படியாக எழுதியிருந்தான். துணைத் தலைமையாசிரியர் மாடிப்படி ஏறும்போது அவருடைய இடதுகால் செருப்பு மட்டும் கிறீச்சிடும், அந்தச் சத்தம் கேட்டதிலிருந்து அவர் வகுப்புக்குள் நுழைவதற்குச் சரியாகப் பதினொரு நொடி இருக்கும், அந்தப் பதினொரு நொடிக்குள் என்னென்னவெல்லாம் செய்துவிடலாம் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் பொற்காலமும் இல்லை, குடும்பமும் இல்லை. முப்பது வருடம் கழித்து அந்த வகுப்பில் யார் படித்தாலும் அந்தச் செருப்புச் சத்தம் காதில் விழும்.

அதற்குப் பிறகு 31-ஆம் பக்கம். அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. ஓரத்தில், 'மலரின் மனநிலைக்குப் பொருந்தவில்லை, நீக்கிவிடலாம்' என்று மலர்க்குழுவின் குறிப்பு. கோட்டுக்குக் கீழே நான்கே வரிகள்தான்:

"குழுவாகச் செய்யும் வேலை எதற்கும் என்னை யாரும் கூப்பிட்டதில்லை. ஆள் குறைகிற குழுவில் ஆசிரியர் சேர்த்துவிடுவார். வகுப்பு போட்டோ எடுத்த அன்று எல்லோருடைய பைகளையும் நான் பார்த்துக்கொண்டேன். போட்டோவில் நான் இல்லை, ஆனால் பைகள் பத்திரமாக இருந்தன."

இதை ஏன் நீக்கச் சொல்கிறீர்கள் என்று அக்கா மகளிடம் கேட்டேன். "அவள் அமைதியான பெண், சித்தி. அவளாகவேதான் ஒதுங்கியிருப்பாள்" என்றாள். நீங்கள் கூப்பிட்டீர்களா என்றேன். "அதற்கில்லை, எல்லோரும் சந்தோஷமாக எழுதியிருக்கும்போது இது மட்டும் எங்களைக் குற்றம் சொல்வதுபோல இருக்கிறது" என்றாள். குற்றம் சொல்வதுபோல என்ன, குற்றமேதான் சொல்கிறாள் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவளைத் திட்ட எனக்குத் தகுதி கிடையாது. ஏன் என்று சொல்கிறேன்.

என்னிடம் ஒரு கதை இருக்கிறது. கல்யாண வீடுகளிலும் அலுவலகத்திலும் பள்ளிக்கூடப் பேச்சு வந்தால் எடுத்துவிடுவேன். பள்ளி இறுதி ஆண்டில், கணக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த காம்பஸ் காணாமல் போய்விட்டது. மறுநாள் தேர்வில் வட்டம் வரைய வழியில்லாமல் கையிலிருந்த வளையலைக் கழற்றித் தாளில் வைத்து வரைந்தேன். மையம் எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நேரம் போய்விட்டது. சிரிக்காதவர்கள் கிடையாது. இருபது வருடங்களாக அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

போன ஆண்டு எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவிலும் சொன்னேன். சிரிப்புப் பொம்மைகளாக வந்து குவிந்தன. அவற்றுக்கு நடுவே, குழுவில் அதிகம் பேசாத ஒருத்தி எழுதினாள்: "காம்பஸை நான்தான் எடுத்திருப்பேன் என்று நீ ஆசிரியரிடம் சொன்னதையும், என் பையை வகுப்பின் முன்னால் மேசைமேல் கொட்டியதையும் விட்டுவிட்டாயே."

அப்படியெல்லாம் நடக்கவில்லை என்று உடனே பதில் எழுதினேன். ரோஷத்தோடுதான் எழுதினேன். பத்து நிமிடத்தில் வேறு இரண்டு பேர் தனித்தனியாக எனக்குச் செய்தி அனுப்பினார்கள். நடந்தது என்றார்கள். பையிலிருந்து என்னென்ன விழுந்தன என்றுகூட ஒருத்திக்கு நினைவிருக்கிறது. காம்பஸ் பிறகு எங்கே கிடைத்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதையும் நான் கதையின் முடிவாகச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்: எங்கள் வீட்டு அலமாரிக்கு அடியில்.

இதில் என்னை நடுங்க வைப்பது ஒன்றுதான். பை கொட்டப்பட்ட காட்சி இன்றுவரை எனக்கு நினைவுக்கு வரவில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். தேடிப் பார்த்தாலும் அங்கே ஒன்றுமில்லை. வளையலின் நிறம் நினைவிருக்கிறது. வட்டத்தின் அளவு நினைவிருக்கிறது. ஒரு பெண்ணின் முகம் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது, வெட்டியது நானேதான்.

அதற்குப் பிறகுதான் மூளை இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்று தேடிப் படித்தேன். அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் தம் சகாக்கள் இருவருடன் 1996-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை அப்படியே பிடித்துப் போட்டது. 99 கல்லூரி மாணவர்களிடம் அவர்களுடைய உயர்நிலைப் பள்ளி மதிப்பெண் தரங்களைக் கேட்டு, பள்ளி ஆவணங்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். மொத்தம் 3,220 தரங்கள். அவற்றில் 71 சதவீதம் சரியாகச் சொல்லப்பட்டன. பரவாயில்லையே என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால்தான் வேடிக்கை. உயர்ந்த 'ஏ' தரம் வாங்கிய பாடங்களில் 89 சதவீதம் சரியாக நினைவிருந்தன. தாழ்ந்த 'டி' தரம் வாங்கிய பாடங்களில் 29 சதவீதம்தான். தவறாகச் சொன்னவற்றில் பெரும்பாலானவை உண்மையைவிட உயர்த்திச் சொல்லப்பட்டவை. இத்தனைக்கும் அவர்கள் பள்ளியை விட்டுச் சில ஆண்டுகளே ஆன பிள்ளைகள். காகிதத்தில் அச்சாகிக் கையில் கொடுக்கப்பட்ட மதிப்பெண்ணையே நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்கிறோம் என்றால், எங்கேயும் அச்சாகாத நம் நடத்தையை என்ன பாடு படுத்துவோம்?

டேனியல் ஆஃபர் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவும் செய்த ஆய்வு இன்னும் நேரடியானது. 14 வயதில் பேட்டி காணப்பட்ட பையன்களை 48 வயதில் மீண்டும் சந்தித்து, அந்த வயதில் நீங்கள் எப்படி இருந்தீர்கள், என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். வீட்டுச் சூழல், பெற்றோர், தண்டனை என எல்லாவற்றைப் பற்றியும். நாணயத்தைச் சுண்டிப்போட்டுப் பதில் சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அதே அளவுதான் சரியாக வந்திருக்கும். நாற்பத்தெட்டு வயதில் தன் பதினான்கு வயதைப் பற்றிச் சத்தியம் செய்யும் எவரையும் இதற்குப் பிறகு நான் நம்புவதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

இதே பாரிக்கின் இன்னோர் ஆய்வு 1975-இல் வந்தது. பள்ளியை முடித்த 392 பேரிடம் அவர்களுடைய பள்ளி ஆண்டு மலர்ப் படங்களைக் காட்டிச் சோதித்தார்கள். பள்ளியை விட்டு 35 ஆண்டுகள் ஆன பிறகும் வகுப்புத் தோழர்களின் முகங்களைப் பத்துக்கு ஒன்பது என்ற அளவில் அடையாளம் கண்டுகொண்டார்கள். முகத்தைப் பார்த்துத் தாமாகப் பெயரைச் சொல்வதில்தான் வெகுவாகச் சறுக்கினார்கள். ஆக, முகம் தங்கிவிடுகிறது. அதனால்தான் அந்த போட்டோ எனக்கு உறுத்துகிறது. பைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் முகம் அதில் இல்லை. இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து இந்தப் பிள்ளைகள் அந்தப் படத்தை எடுத்து ஒவ்வொரு முகமாகத் தொட்டுத் தொட்டுப் பேசுவார்கள். 31-ஆம் பக்கமும் போய்விட்டால், அந்த வகுப்பில் நாற்பத்தோரு பேர் என்றுதான் எண்ணிக்கை வரும்.

"எல்லோருக்கும் நிறைய நண்பர்கள் இருந்தார்கள், அவளுக்கு மட்டும்தான் இல்லை" என்று அக்கா மகள் சொன்னபோது ஒரு விஷயத்தை விளக்கினேன். கோல்மன் என்ற சமூகவியலாளர் 1961-இல் வெளியிட்ட உயர்நிலைப் பள்ளி ஆய்வில் யார் யாருக்கு நண்பர் என்ற தகவல் இருந்தது. 1991-இல் ஸ்காட் ஃபெல்ட் என்பவர் அதை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெரும்பாலான மாணவர்களுக்கு, அவர்களுடைய நண்பர்களுக்கு இருந்த அளவு நண்பர்கள் இல்லை. மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. முப்பது பேரோடு பழகும் ஒருவன் முப்பது பேருடைய பட்டியலிலும் இருப்பான். ஒருவரோடு மட்டும் பழகுகிறவன் ஒரே பட்டியலில்தான் இருப்பான். ஆகவே நம் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் பெரிய கூட்டக்காரர்களே தெரிவார்கள், நாம் மட்டும் குறைந்தவர்களாகத் தோன்றுவோம். குடும்பம் குடும்பம் என்று எழுதிய ஏழு பேரில் எத்தனை பேர் உள்ளுக்குள் தனியாக இருந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான்கூட முதல் வருடம் அப்படித்தான் இருந்தேன்" என்றாள். அது அவளுடைய பக்கத்தில் இல்லையே என்று நான் கேட்கவில்லை.

இந்த இடத்தில் என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் இருப்பீர்கள். பிள்ளைகள் பிரியும் நேரத்தில் சிரித்துக்கொண்டு பிரியட்டுமே, நினைவு மலர் என்ன நீதிமன்றமா என்பீர்கள். நியாயம்தான். மலரை ஒப்பாரியாக்கச் சொல்லவில்லை. சந்தோஷமும் பொய் இல்லை. பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவைதான் வயதான பிறகு அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். முதல் தோழமை, முதல் துரோகம், முதல் மேடை எல்லாம் அந்தக் காலத்தில்தான் வருகின்றன. அவ்வளவு ஆழமாகப் பதியப் போகிற காலத்தை வாழ்த்து அட்டையில் கிடைக்கும் வார்த்தைகளால் நிரப்பி வைக்கிறார்களே என்பதுதான் என் ஆற்றாமை. இப்போது எல்லாம் அப்படியே கையில் இருக்கிறது. யார் யாரைக் காயப்படுத்தினார்கள், யார் யாருக்காகப் பொய் சொல்லித் திட்டு வாங்கினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருடம் போனால் அவரவர் கத்தரிக்கோல் வேலையை ஆரம்பித்துவிடும்.

மேடையில் பாட்டு மறந்து நின்றவர்கள், எல்லோர் முன்பும் தடுக்கி விழுந்தவர்கள் ஆகியோருக்கு மட்டும் ஓர் ஆறுதல் உண்டு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் தாமஸ் கிலோவிச் குழு 2000-ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. மாணவர்களுக்குக் கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டை மாட்டி மற்ற மாணவர்கள் இருந்த அறைக்குள் அனுப்பினார்கள். கிட்டத்தட்டப் பாதிப் பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிகூட இல்லை. ஆகவே உங்கள் சறுக்கலை ஊரே பார்த்ததாக நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் மேசைமேல் கொட்டப்பட்ட பைக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அதை எல்லோரும் பார்த்தார்கள். மறந்தது நான் ஒருத்திதான்.

அந்தத் தோழிக்குத் தனியாக எழுதினேன். நினைவில்லை என்பதையும் எழுதினேன், அதை மன்னிப்புக்கான சாக்காக வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "வளையல் கதையை நீ சொல்லும்போதெல்லாம் நானும்தான் சிரித்தேன். நன்றாகத்தான் சொல்கிறாய்." அவ்வளவுதான். அதைப் பத்துத் தடவை படித்திருப்பேன். மன்னித்துவிட்டாளா இல்லையா என்று இன்னும் புரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

நேற்று இரவு அக்கா மகள் கோப்பைத் திரும்ப அனுப்பினாள். 31-ஆம் பக்கத்தின் சிவப்புக் கோட்டை எடுத்துவிட்டார்கள். குழுவில் இரண்டு பேர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம். அவளுடைய சொந்தப் பக்கத்தில் 'கவலையற்ற நாட்கள்' காணோம், அந்த இடத்தில் முதல் வருடத்தைப் பற்றி ஒரு பத்தி முளைத்திருக்கிறது, கொஞ்சம் அவசரமாக எழுதியது. 'குடும்பம்' மட்டும் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணின் நான்கு வரிகளில் ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருந்தது. அதை மட்டும் போட்டு அனுப்பினேன். அதற்காகத்தானே என்னிடம் கொடுத்தாள்.