கூட்டுப் படிப்பில் கிடைப்பது பட்டம்தான்

அண்ணா, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கல்லூரியில் சேர்ந்து நர்சிங் படித்தால், பல்கலைக்கழகத்தோடு கூட்டுப் படிப்பு என்றாலும் கையில் வருவது டிப்ளமோதான் என்று எழுதியிருக்கிறீர்கள். கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெற்றோர் பலர் இதை நம்பிப் பகிர்வதால் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: அது சரியில்லை.

கூட்டுப் படிப்பில் இரண்டு நிறுவனங்களும் பாடத்தைப் பங்கிட்டு நடத்தும். 4 ஆண்டு முடிவில் பட்டம் தருவது பல்கலைக்கழகம். அந்த மாகாணத்தின் ஹாமில்டன் நகரில் மொஹாக் கல்லூரி வழியாகக் கூட்டுப் படிப்பில் சேர்ந்தவருக்கும் பட்டம் கொடுப்பது மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம்தான். 2005 முதல் ஒன்டாரியோவில் பதிவு பெற்ற செவிலியராகப் புதிதாகப் பதிய இளநிலைப் பட்டம் கட்டாயம். அதற்காகத்தான் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களோடு கைகோத்தன.

குழப்பத்துக்குக் காரணம், பிராக்டிகல் நர்சிங் என்ற டிப்ளமோவும் பல கல்லூரிகளில் தனியாக இருப்பதுதான் என்று நினைக்கிறேன். சேரும் முன் கல்லூரியின் இணையதளத்தில் அந்தப் படிப்பைத் திறந்து, முடித்தால் என்ன தருகிறார்கள், யார் தருகிறார்கள் என்ற வரியைப் படியுங்கள். அப்புறம் அங்கே செவிலியர்களைப் பதிவு செய்யும் அமைப்பான காலேஜ் ஆஃப் நர்சஸ் ஆஃப் ஒன்டாரியோவின் தளத்தில், அங்கீகாரம் பெற்ற படிப்புகளின் பட்டியலில் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஏஜென்டிடம் கேட்கவே வேண்டியதில்லை.