மீசையும் பெண்பால்தான்

(தாம்பரத்தில் ஒரு வீடு. அம்மா, ஓய்வுபெற்ற தமிழாசிரியை. மகன் கண்ணாடி முன் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறான்.)

அம்மா: சளியா? கஷாயம் போடட்டுமா?

மகன்: சளி இல்லம்மா, பிரெஞ்சு 'ர'. தொண்டையிலிருந்து வர வேண்டும்.

அம்மா: ரகரம், றகரம் இரண்டையும் வீட்டில் வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு அலைகிறாய். பிளஸ் டூவில் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்தாயே, 200க்கு 196! அதெல்லாம் எங்கே?

மகன்: அது மார்க்குக்குப் படித்தது. ஒருநாள்கூட யாரும் பேசச் சொல்லவில்லை.

அம்மா: ஸ்டாஃப் ரூமில் நான் தலைகுனிந்ததற்காவது நாலு வார்த்தை மிச்சம் வைத்திருக்கலாம்.

மகன்: இப்போது படிக்கிறேனே. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால்.

அம்மா: அஃறிணைக்கு ஏதடா ஆணும் பெண்ணும்? சரி, மீசை?

மகன்: (புரட்டிப் பார்த்து) பெண்பால்.

அம்மா: ஐயனார் கோயில் பக்கம் போய்ச் சொல்லிவிடாதே.

மகன்: எண்கள்தான் கொடுமை. 97 என்றால் 'நாலு இருபது, பத்து, ஏழு'. கேட்டல் தேர்வில் 40 நிமிடத்தில் 40 கேள்வி. நான் பெருக்கிக் கூட்டுவதற்குள் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது.

அம்மா: இவ்வளவு பாடு எதற்கு?

மகன்: டெஃப் கனடா என்ற இந்தப் பிரெஞ்சுத் தேர்வில் நான்கு திறனிலும் நிலை 7 வந்தால், கனடாவில் குடியேற ஆள் தேர்ந்தெடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் கூடுதலாக 50 புள்ளி. ஆங்கிலம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அடுத்த மாதம் 33 பிறந்தால் வயதுக்கான புள்ளியில் 6 போய்விடும்.

அம்மா: பாயசம் வைக்கலாமா, கூடாதா? அப்புறம், கல்யாணம் செய்துகொண்டால்?

மகன்: மனைவியையும் கூட்டிப் போனால் வயதுப் புள்ளி இன்னும் குறையும்.

அம்மா: கனடாக்காரனுக்கு என்மேல் அப்படி என்ன கோபம்?

மகன்: அதை விடும்மா, ஓர் உதவி செய். பேச்சுத் தேர்வில் முதலில் ஒரு விளம்பரம் தருவார்கள். போன் செய்து விவரம் விசாரிப்பதுபோல் 5 நிமிடம் கேள்வி கேட்க வேண்டும். அடுத்த 10 நிமிடம் ஒரு நண்பனைச் சம்மதிக்க வைக்க வேண்டும். நண்பனாக நடிக்கும் தேர்வாளர் மறுத்துக்கொண்டே இருப்பார்.

அம்மா: மறுப்பதற்கு உன் அப்பா இருக்கிறார். விளம்பரம் என் பொறுப்பு. (உள்ளே போய் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பருடன் வருகிறார்.) இந்தா.

மகன்: இது 'மணமகன் தேவை'!

அம்மா: விளம்பரம்தானே? பெண் புதுச்சேரி. பிரெஞ்சு டீச்சர்.

மகன்: (கண்ணாடியைப் பார்த்துத் தலையை ஒதுக்கியபடி) உயரம் என்ன போட்டிருக்கிறது?

அம்மா: பிரெஞ்சில் கேளடா. 5 நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது.