ஒப்பிச்சது போதும், ஒரு பாட்டைப் பாடுங்க

அந்தத் தெர்மாகோல் வீடியோ எல்லா டீச்சர் குரூப்லயும் சுத்திடுச்சு, பார்க்காதவங்க இருக்க மாட்டீங்க. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பத்தி 'எழுத்தாளர் அறிமுக'மாம். தெர்மாகோல் அட்டையில ஜிகினா ஒட்டின படம், பிறப்பு, இறப்பு, நூல்கள். நாலாங்கிளாஸ் பிள்ளை ஒரே மூச்சுல ஒப்பிக்குது. கீழே வரிசையா கைதட்டல். சரி, அதுல ஒரு பாட்டு எங்கே?

எழுத்தாளரைப் படிக்கிறதுன்னா அவர் எழுதினதைப் படிக்கிறது. இதுக்கெல்லாம் ஒரு பதிவு போட வேண்டியிருக்கேங்கிறதுதான் வயித்தெரிச்சல்.

வள்ளியப்பாவோட லட்டுப் பாட்டையே எடுத்துக்குங்க. தட்டுல எட்டு லட்டு, பாதி கிட்டுவுக்கு, மீதி பட்டுவுக்கு, கடைசியில காலித் தட்டு. வரிக்கு வரி 'ட்டு'ன்னு முடியும். புத்தகம் ஒண்ணுதான் இருக்கா? கரும்பலகையில எழுதுங்க. முதல் தடவை நீங்க வாசிங்க. ரெண்டாவது தடவை ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லுக்கு முன்னாடி நிறுத்துங்க, வகுப்பே முடிச்சுக் கொடுக்கும். அப்புறம் ஒரு தட்டும் எட்டுப் புளியங்கொட்டையும் கொடுத்து நடிக்க விடுங்க.

அடுத்த பீரியட் எழுத வைக்கிறது. முக்கால்வாசி இங்கதான் சறுக்கும். 'ஆளுக்கொரு பாட்டு எழுதுங்க'ன்னா பிள்ளைங்க பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உட்காரும், இல்லேன்னா உரைநடையை நாலா மடக்கி எழுதும். முதல்ல சொல் சேர்க்கணும். 'ட்டி'ன்னு வச்சுக்குங்க: பெட்டி, சட்டி, ரொட்டி, குட்டி, பாட்டி. நாலு பேர் ஒரு குழு. பத்துச் சொல் சேர்ந்தப்புறம் நாலே வரி, வரிக்கு மூணு சொல்லுக்கு மேல கூடாது. கைதட்டிச் சொல்லிப் பார்த்தா இடறுற இடம் தெரியும். அங்க ஒரு சொல்லை எடுத்தா பெரும்பாலும் சரியாயிடும். ஒரு பொண்ணு பட்டியல்ல 'பாட்டி'யை மட்டும் அடிச்சுட்டா. "அது இழுக்குது மிஸ், மத்ததோட ஒட்டலை." எதுகையில குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில்தான் சேரணும்னு யாப்பு சொல்றதை அவ காதாலயே பிடிச்சுட்டா!

மூணாவது பீரியட்ல பேரை மறைச்சு நாலு பாட்டு: வள்ளியப்பா ரெண்டு, கவிமணி ஒண்ணு, பாரதி ஒண்ணு. எது யாரோடது, ஏன்? 'ஓடி விளையாடு பாப்பா'வை மட்டும் வைக்காதீங்க, முதல் வரியிலேயே குட்டு உடைஞ்சு ஆட்டம் படுத்துடும். அந்த 'ஏன்'தான் முக்கியம். "இவர் புத்தி சொல்றாரு, அவர் சும்மா விளையாடுறாரு"ன்னு ஒரு பிள்ளை சொல்லிட்டா, ஆய்வுக் கட்டுரையே எழுதின மாதிரி.

வாழ்க்கை வரலாறு வேண்டாம்னு யாரும் சொல்லலை. 1922-ல புதுக்கோட்டை ராயவரத்துல பிறந்தவர், இந்தியன் வங்கியில வேலை பார்த்தவர், 1950-ல குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினவர், கோகுலம் சிறுவர் இதழுக்கு ஆசிரியரா இருந்தவர். அஞ்சு நிமிஷம். ஆனா பாட்டு முடிஞ்சப்புறம். பேங்க்காரர் உட்கார்ந்து லட்டு எண்ணியிருக்கார்னு அதுங்களே சிரிக்கும்.

'டீச்சருக்கு ஏது நேரம், கல்வித்துறையோட எமிஸ் இணையதளத்துல விவரம் ஏத்தவே பொழுது சரியாயிடுது'ம்பீங்க. நிஜம், மறுக்கலை. அப்போ தெர்மாகோலுக்கு நேரம் எங்கேருந்து வந்துச்சு? ஓ, அது அம்மாக்கள் ராத்திரி பதினோரு மணிக்கு ஒட்டினதாச்சே. நான் கேட்கிறது மூணு பீரியட், கொஞ்சம் புளியங்கொட்டை. சத்தம் வருமா? வரட்டும். சார்ட் செஞ்சா கைத்திறன் வளருமாம். யாரோட கைத்திறன்? அதிகாரி வந்தா சுவர்ல காட்ட ஏதாவது வேணும்னா, பிள்ளைங்க எழுதின நாலு வரியை எழுத்துப் பிழையோட ஒட்டுங்க.

இங்கிலீஷ் ரைம்ஸுக்கு மட்டும் கையை ஆட்டி, குரலை மாத்தி, குதிச்சுப் பாட வருது. தமிழ்னா மாலை போட்ட படம், ரெண்டு நிமிஷப் பேச்சு. குழந்தைங்க சிரிக்கணும்னே எழுதின மனுஷனை வச்சு அதுங்களுக்குக் கொட்டாவி வர வைக்கிறோம். அவர் புத்தகம் நூலகத்துல இல்லாமலா இருக்கு? கிழிஞ்சுடும்னு பீரோவுல பூட்டியிருக்கு. கிழியட்டுமேய்யா! கரையான் தின்னா மட்டும் பரவாயில்லையா?

'பேசறது சுலபம், நீங்க வந்து நடத்திக் காட்டுங்க'ன்னு கமெண்ட் போடப்போறவங்களே, நான் வர்றேன். அந்த பீரோ சாவியை மட்டும் வாங்கி வைங்க.