கண்ணாடி முன் நின்று சொன்னால் மட்டும் போதாது அண்ணே

‘பள்ளியில் கேலிக்கு ஆளான பிள்ளை தினமும் கண்ணாடி முன்னால் நின்று “நான் சிறந்தவன்” என்று சொல்லட்டும், தன்னம்பிக்கை தானாக வரும்’ என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனால் எல்லாருக்கும் அது பலிக்காது. சிலருக்கு எதிராகவே வேலை செய்யும். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரின் குழுவினர் இதைச் சோதித்து 2009இல் வெளியிட்டார்கள். ஏற்கெனவே தன்னை மட்டமாக நினைப்பவர்கள் ‘நான் அன்புக்குரியவன்’ என்று திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்கள் மனசு இன்னும் சோர்ந்தது. வாய் சொல்வதை உள்ளே இருக்கும் குரல் மறுத்துக்கொண்டே இருக்குமே!

எங்கள் காரைக்குடித் தெருவில் ஒரு பையன். திக்கிப் பேசுவான், வகுப்பே அவனைப் போலப் பேசிக் காட்டும். லீவில் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் (டைல்ஸ்) செய்யும் மாமா பட்டறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தான். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, ஒரு வண்ணம் அடுத்ததில் கலக்காமல் ஊற்ற வேண்டும். கை நடுங்கினால் பூ கெட்டுவிடும். இப்போது கல் பார்க்க வருகிறவர்களுக்கு அவனே விளக்குகிறான். திக்கல் அப்படியேதான் இருக்கிறது.

அப்புறம், கேலி இன்னும் நடந்துகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள். வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். பிள்ளை வீட்டில் வாய் திறக்காவிட்டால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098க்கு அவனே கூப்பிடலாம், காசு கிடையாது.