ஹவில்தார் மாமாவும் சொல்பேச்சு கேக்காத சிப்பாய்களும்

(இடம்: மதுரை திருநகரில் ஒரு வீட்டு மாடி அறை. ஞாயிறு மதியம், கறிக்குழம்பு சாப்பிட்டு முடித்த நேரம். மாமா முத்தையா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு ஏடிஎம் வாசலில் ராத்திரிக் காவல். பிரபு அவருடைய அக்கா மகன். கல்லூரி மூன்றாம் வருஷம், அரியர் நாலு. கம்ப்யூட்டரில் 'ஆர்மா 3' என்ற ராணுவச் சண்டை விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிறது என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான்.)

மாமா: என்ன மாப்ள, வெத்தல போட ஆரம்பிச்சதுலருந்து பாக்குறேன், இந்தப் பய நடந்துக்கிட்டே இருக்கான். சண்டைக்குப் போறானா, பழனிக்குப் பாதயாத்திரை போறானா?

பிரபு: இது அப்பிடித்தான் மாமா. ஆல்டிஸ்னு ஒரு தீவு. 270 சதுர கிலோமீட்டர். வந்த வண்டி வெடிச்சுப்போச்சு, அதான் நட.

மாமா: நம்ம மாநகராட்சியே 148தான? கிட்டத்தட்ட ரெண்டு மதுரையையும் நடந்தே தாண்டப் போறியா?

பிரபு: அதான் மாமா இதுல பெரிய மைனசு. மத்த கேம்ல எறங்குன உடனே சுடலாம். இதுல கொஞ்ச தூரம் ஓடுனா மூச்சு வாங்குது, துப்பாக்கி ஆடுது. பையில ராக்கெட் லாஞ்சரும் வச்சுக்கிட்டா மேடு ஏற முடியல.

மாமா: இதுவா மைனசு? குன்னூர் பக்கம் வெலிங்டன்ல ராணுவப் பயிற்சியப்ப, முதுகுல பிட்டுன்னு ஒரு கனத்த மூட்டையக் கட்டி, கையில துப்பாக்கியக் குடுத்து அஞ்சு கிலோமீட்டர் ஓட விடுவாய்ங்க. ஓடி முடிச்சவன்கிட்டப் பேரக் கேட்டா அவங்கப்பன் பேரச் சொல்லுவான். மூச்சு வாங்கலைன்னாத்தான் மாப்ள பொய்யி. யாரு செஞ்சது இத?

பிரபு: செக் நாட்டுக் கம்பெனி, பொஹிமியா இன்டராக்டிவ். 2013ல வந்துச்சு. கிரேக்க நாட்டு லெம்னோஸ் தீவப் பாத்துத்தான் இத வரைஞ்சாங்க. அந்தக் கம்பெனி ஆளுக ரெண்டு பேரு 2012ல அங்க போயிருந்தப்ப, ராணுவ இடத்தப் படம் எடுத்தாங்கன்னு உளவாளி கேசுல புடிச்சு உள்ள வச்சுட்டாங்க. நாலு மாசம் கழிச்சுத்தான் ஜாமீன்.

மாமா: புடிச்சது தப்பில்ல. நம்ம தெருவுல எவனோ ஒருத்தன் டிரான்ஸ்பார்மரப் படம் எடுத்தான்னு நீங்க என்ன பாடு படுத்துனீங்க!

(ஒரு சத்தம். பிரபுவின் சிப்பாய் சுருண்டு விழுகிறான்.)

மாமா: என்னாச்சு?

பிரபு: செத்துட்டேன் மாமா.

மாமா: யாரு சுட்டா?

பிரபு: தெரியல.

மாமா: எங்கிட்டிருந்து?

பிரபு: அதுவும் தெரியல. முப்பது நிமிசம் நடந்து வந்து, மூஞ்சிகூடத் தெரியாத ஒருத்தன் கையில சாகுறேன். மத்த கேமா இருந்தா, சுட்டது யாருன்னு பேரு போட்டுக் காட்டுவாங்க.

மாமா: சுட்டவன் கல்யாணப் பத்திரிக்கை மாதிரி பேரு போட்டுத் தருவானா? இவ்வளவு சரியா ஒரு விளையாட்ட எவன் செஞ்சான்! திருப்பிப் போடு. நான் காத வச்சுப் பாக்குறேன்.

(மறுபடி அதே மேடு. 'டக்', பிறகு 'டும்'.)

மாமா: படுறா! கேட்டுச்சா? மொத சவுக்கடி மாதிரி வந்தது குண்டு பக்கத்துல போற சத்தம். பின்னால வந்த 'டும்'தான் துப்பாக்கிச் சத்தம். குண்டு சத்தத்தவிட வேகமால்ல வருது? ரெண்டுக்கும் நடுவுல முக்கா செகண்டு. எப்பிடியும் அறநூறு மீட்டரு. 'டும்' வந்த தெசையப் பாரு. அந்தச் சர்ச்சுக்கு இடப்பக்கம்.

பிரபு: (தேடி) மாமா! நெசமாவே அங்கதான் படுத்திருக்கான்!

மாமா: குறிக்கு மேல தூக்கி வையி. அறநூறு மீட்டர்ல குண்டு எறங்கும்.

பிரபு: அதுக்குத் தூரத்த செட் பண்ற பட்டன் இருக்கு மாமா. (சுடுகிறான்.) விழுந்துட்டான்!

மாமா: பட்டன் வேறயா. சரி, அத மன்னிச்சு விடுவோம்.

(பிரபுவின் சிப்பாய்க்கும் காலில் படுகிறது. நொண்டுகிறான். பிரபு மருந்துப் பெட்டியை எடுக்கிறான். சிப்பாய் எழுந்து ஓடுகிறான்.)

மாமா: யோவ் யோவ், நிறுத்து. இப்பத்தான காலுல பட்டுச்சு?

பிரபு: கட்டுப் போட்டாச்சு மாமா. இது இதுல நல்ல வசதி.

மாமா: வசதியா! பயிற்சியில முட்டியில ஒரு கல்லு குத்துனதுக்கு நான் இருபத்தோரு நாள் படுத்திருந்தேன். இந்தக் கட்ட எந்தக் கடையில விக்கிறாய்ங்கன்னு கேளு, ஒங்க அத்தை மூட்டுவலிக்கு ரெண்டு வாங்கிப் போடுவோம்.

பிரபு: இந்த கேமுதான் மாமா பப்ஜிக்கே தாத்தா. ஆர்மா மேல வெளியாளுக மாத்தி எழுதி எழுதித்தான் அது பொறந்துச்சு.

மாமா: அந்தப் பாவமும் இவன் தலையிலதானா.

(இருட்டுக் காட்சி. வெள்ளைத் துப்பாக்கி ஒன்று வானத்தை நோக்கி நெருப்புக் கோடு போடுகிறது. விமானம் ஒன்று வெடிக்கிறது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே வருகிறார்.)

மாமா: மாப்ள, இத நான் வாட்சப்புல பாத்திருக்கேன். உக்ரைன் சண்டைன்னு வந்துச்சு.

பிரபு: ஆர்மா வீடியோதான் மாமா அது. உண்மைப் போருன்னு பல பேரு பரப்பவும், 2022 நவம்பர்ல அந்தக் கம்பெனியே அறிக்கை விட்டுச்சு. படம் மங்கலா, ஆட்டமா, இருட்டா, சத்தமில்லாம இருந்தா சந்தேகப்படுங்கன்னு.

மாமா: (குரல் இறங்கி) டீக்கடையில பதினஞ்சு பேருக்கு முக்கா மணி நேரம் விளக்கம் சொன்னேன். அந்த விமானி தப்பிச்சிருப்பான்னுகூடச் சொன்னேன்.

பிரபு: நான் யார்கிட்டயும் சொல்லல மாமா.

மாமா: நானும் ஒன் நாலு அரியரப் பத்தி அக்காகிட்டச் சொல்லல. எந்திரி, நான் கொஞ்ச நேரம் பாக்குறேன். நாலு பயலக் குடு.

(மாமா உட்காருகிறார். பிரபு பட்டன்களைச் சொல்லிக் கொடுக்கிறான். அதற்கே கால்மணி நேரம். நிற்க ஒன்று, குனிய ஒன்று, படுக்க ஒன்று, பாதி குனிய ரெண்டு சேர்த்து.)

மாமா: ரெண்டாம் நம்பர், அந்த வீட்டுக்குப் போ.

கம்ப்யூட்டர்: (ஒவ்வொரு வார்த்தையாக) ரெண்டு. நகரு. அந்த. வீட்டுக்கு.

மாமா: என்ன, வைகை எக்ஸ்பிரஸ் அறிவிப்பு மாதிரிச் சொல்றான்? வண்டி எண், ஒண்ணு, ரெண்டு, ஆறு, மூணு, ஆறுன்னு. போறானா?

பிரபு: போகல மாமா. இதான் நெசமான மைனசு. இவங்க சொன்னா கேக்க மாட்டாங்க. வண்டி ஓட்டச் சொன்னா நேர் ரோட்டுலயே சுவத்துல முட்டுவாங்க.

மாமா: எந்திரிடா! படுத்தே கெடக்கான் பாரு. எங்க காலத்துல இவனுக்கு பிட்டப் போட்டு மைதானத்த இருவது சுத்து விட்டுருப்போம். நாலாம் நம்பர் எதுக்கு வேலியப் பாத்துக்கிட்டு நிக்கிறான்? கிட்டப் போயி ஒரு அதட்டு அதட்டுறேன். எந்த எழுத்து? ஜி-யா?

பிரபு: ஜி வேண்டாம் மாமா, அது கையெறி...

(வெடிக்கிறது. ரெண்டாம் நம்பரும் மூணாம் நம்பரும் காலி. மிச்ச ரெண்டு பேரும் மெதுவாகத் திரும்பி மாமாவைப் பார்க்கிறார்கள்.)

மாமா: ஏன் மாப்ள என்னையப் பாக்குறாய்ங்க?

பிரபு: நம்மாளுகளயே கொன்னா, நம்மள எதிரின்னு கணக்கு வச்சுருவாங்க மாமா. ஓடுங்க!

(ரெண்டே குண்டு. திரை மங்குகிறது. மாமா கம்ப்யூட்டர் மவுஸைக் கீழே வைக்கிறார்.)

மாமா: இவ்வளவு நேரமா ஒரு கட்டளைக்கு எந்திரிக்காத பயலுக, என்னையச் சுடுறதுக்கு மட்டும் குறி தப்பலயே மாப்ள!